பன்னீர் திராட்சை விளையும் ஊரில் ஸ்பெயின் ரெட் ஒயின்: எப்படி ருசிப்பது, நம்ம சுக்காவுக்கு எது செட் ஆகும்?

குச்சனூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுரபி நதிக்கரையில் இருக்கும் சுயம்பு சனீஸ்வரர் கோயில்தான். ஆடி மாத சனிக்கிழமைகளில் அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. இதே கோயிலில் உள்ள சோணை கருப்பணசாமிக்கு மதுபாட்டிலைக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால், குச்சனூரைச் சுற்றியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. அது பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கருநீலப் பன்னீர் திராட்சை.

ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் திராட்சை அறுவடை நடந்துகொண்டே இருக்கும் பகுதி இது. 2023-ம் ஆண்டு 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும், இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன ஒருவர் ஆபீஸ் பார்ட்டியில் ஸ்பெயின் ரெட் ஒயினை முதல் வாய் குடித்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார். "என்னப்பா இது, இனிப்பே இல்ல, வாயெல்லாம் துவர்க்குது" என்பதுதான் வழக்கமான ரியாக்‌ஷன்.

திராட்சைதானே? அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்தத் துவர்ப்பை எப்படிப் புரிந்துகொள்வது? நம்ம ஊர் காரசாரமான சாப்பாட்டோடு அது சேருமா? கடைசியாக, நம் விவசாயிக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லேபிளைப் படிப்போம்

உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைக்கொடி பயிரிடும் நாடு ஸ்பெயின். அங்கே சிவப்பு ஒயினின் ராஜா 'டெம்ப்ரானில்லோ' என்ற திராட்சை ரகம். ஸ்பானிஷ் மொழியில் 'டெம்ப்ரானோ' என்றால் 'சீக்கிரம்'. மற்ற ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடுவதால் இந்தப் பெயர். 'கார்னாச்சா', 'மொனாஸ்ட்ரெல்' ஆகியவை அங்கே அதிகம் பயன்படும் மற்ற இரண்டு சிவப்பு ரகங்கள்.

ஆனால், ஸ்பெயின் பாட்டிலில் ரகத்தின் பெயரைவிட ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். நாம் 'மணப்பாறை முறுக்கு' என்று சொல்வது போலத்தான். 'ரியோஹா', 'ரிபேரா டெல் டுவேரோ' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது டெம்ப்ரானில்லோதான்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கும். அதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒயின் எத்தனை காலம் பழக்கப்பட்டது என்பதை அது சொல்லும். ரியோஹா சிவப்பு ஒயின்களுக்கான கணக்கு இது:

• ஹோவன்: 'இளமையானது' என்று அர்த்தம். மரப்பீப்பாயில் வைக்காமல், அல்லது கொஞ்ச காலமே வைத்து விற்பனைக்கு வருவது. பழச்சுவை தூக்கலாக இருக்கும்.

• கிரியான்சா: குறைந்தது 2 ஆண்டுகள். அதில் ஓர் ஆண்டாவது ஓக் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும்.

• ரிசர்வா: குறைந்தது 3 ஆண்டுகள். இதிலும் குறைந்தது ஓர் ஆண்டு பீப்பாயில்.

• கிரான் ரிசர்வா: குறைந்தது 5 ஆண்டுகள். அதில் 2 ஆண்டுகள் பீப்பாயில்.

"ஆண்டு கூடினால் ஒயினும் உசத்தி" என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு மாதிரி ஒயின், அவ்வளவுதான். பச்சை மாங்காயும் ஆவக்காய் ஊறுகாயும் ஒன்றா? இரண்டுக்கும் அதனதன் இடம் இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்க்கும் பகுதிக்கு வரும்போது இந்த வித்தியாசம் நமக்கு ரொம்பவே உதவும்.

பன்னீர் திராட்சையில் ஏன் இந்த ருசி வராது?

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. கடித்தவுடன் வரும் ரோஜா மணம்தான் 'பன்னீர்' என்ற பெயருக்குக் காரணம். தமிழ்நாட்டில் திராட்சை பயிராகும் பரப்பில் சுமார் 85 சதவீதம் இந்த ரகம்தான்.

இது அடிப்படையில் சாப்பிடும் பழம். டெம்ப்ரானில்லோ ஒயினுக்கான பழம். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, தோல். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இருந்து வருவதில்லை. தோலிலும் விதையிலும் இருந்துதான் வருகின்றன. ஒயின் ரகங்கள் சின்னதாக இருக்கும். அதனால் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் அளவு அதிகம். பன்னீர் திராட்சையோ சாறு நிறைந்த பெரிய பழம். அதனால் நிறமும் துவர்ப்பும் மெலிதாகவே கிடைக்கும்.

இரண்டு, சர்க்கரை. ஒரு லிட்டர் சாற்றில் இருக்கும் ஒவ்வொரு 17 கிராம் சர்க்கரையும் நொதிக்கும்போது சுமார் 1 சதவீத ஆல்கஹாலாக மாறும். 14 சதவீத ஒயின் வேண்டுமென்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 240 கிராம் சர்க்கரை தேவை. சந்தைக்காகப் பறிக்கும் பழத்தை அந்த அளவுக்குக் கொடியிலேயே விட்டுவைக்க முடியாது. மழை வந்தால் பழம் வெடிக்கும், லாரியில் ஏற்றினால் நசுங்கும்.

மூன்று, காலநிலை. ரியோஹாவில் குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே ஓர் அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு குளிர் இல்லை. முல்லைப் பெரியாறு தண்ணீர் இருக்கிறது. விவசாயி கவாத்து செய்யும் தேதிதான் அறுவடைத் தேதியைத் தீர்மானிக்கிறது. சாப்பிடும் திராட்சைக்கு இது வரம். மெதுவாகப் பழுத்து அடர்த்தி ஏற வேண்டிய சிவப்பு ஒயினுக்கு இது சவால்.

இந்தியாவில் டெம்ப்ரானில்லோவே விளையாதா என்றால், விளைகிறது. மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில் 'சரோசா' நிறுவனம் இந்த ரகத்தைப் பயிரிட்டு 'டெம்ப்ரானில்லோ ரிசர்வ்' என்ற ஒயினைக் கொண்டுவந்தது. ஸ்பெயின் பாட்டிலோடு அதை அருகருகே வைத்து ருசித்துப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம்.

ருசிப்பது எப்படி? நாலே ஸ்டெப்

ஒயின் ருசிப்பது என்றால் கோட் சூட் போட்டுக்கொண்டு புரியாத வார்த்தைகளைப் பேசுவது என்ற பிம்பம் இருக்கிறது. உண்மையில், நல்ல ஃபில்டர் காபியை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஸ்டெப் 0: குளிர்ச்சி. "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்" என்பது ஐரோப்பிய வீடுகளுக்கான விதி. அவர்கள் சொல்லும் அறை வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. நம்ம ஊரில் அறையே 32 டிகிரி இருக்கும்! அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அதனால் பாட்டிலை அரை மணி நேரத்துக்கும் குறையாமல் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

ஸ்டெப் 1: பாருங்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். நாவல் பழச்சாறு போல ஊதா கலந்த நிறம் என்றால் இளம் ஒயின். ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் பல ஆண்டு பழையது.

ஸ்டெப் 2: சுழற்றி முகருங்கள். சுழற்றுவது ஸ்டைலுக்காக அல்ல. காற்று பட்டால்தான் மணம் வெளியே வரும். இளம் டெம்ப்ரானில்லோவில் செர்ரி, பிளம்ஸ் போன்ற பழ வாசனை இருக்கும். பீப்பாயில் இருந்தது என்றால் வெனிலா, கிராம்பு, சில சமயம் கொப்பரைத் தேங்காய் வாசனையும் வரும். ஆமாம், தேங்காய்தான்! ரியோஹாவில் பாரம்பரியமாக அமெரிக்க ஓக் பீப்பாய்களைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மரத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்தான் இந்த வாசனைக்குக் காரணம். பழைய ரிசர்வாக்களில் தோல், புகையிலை, உலர்ந்த அத்திப்பழ வாசனைகள் சேரும்.

'இந்தப் பழமெல்லாம் நான் சாப்பிட்டதே இல்லையே' என்று கவலை வேண்டாம். போடி ஏலக்காய், குமுளி மிளகு, வெற்றிலைக் கடை, மழை பெய்த செம்மண் என்று உங்களுக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள். அதில் தப்பு ரைட் கிடையாது.

கெட்டுப்போனதையும் இந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஈரச் சாக்கு, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கில் கோளாறு. வினிகர் நெடி அடித்தால் ஒயின் புளித்துவிட்டது. பழ வாசனையே இல்லாமல் காய்ச்சிய ஜாம் மாதிரி மந்தமாக இருந்தால், பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கலாம்.

ஸ்டெப் 3: ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் சில நொடி நாக்கில் பரவ விடுங்கள். நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு இருக்கிறதா? நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? (அது புளிப்பு.) ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் காய்ந்துபோகிறதா? (அது துவர்ப்பு.) தொண்டையில் சூடு தெரிகிறதா? (அது ஆல்கஹால்.) இந்த நாலும் ஒன்றையொன்று அமுக்காமல் இருந்தால் நல்ல ஒயின். விழுங்கிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கூடுதல் மதிப்பெண்.

துவர்ப்பு: நமக்குத் தெரிந்த சுவைதான்

முதல் முறை குடிக்கும் பலரையும் விரட்டுவது 'டேனின்' என்ற சமாசாரம். இது பெரிய மர்மம் இல்லை. நம் அறுசுவைப் பட்டியலிலேயே இருக்கும் துவர்ப்புதான் அது. வாழைப்பூ, கடுக்காய், மாதுளைத் தோல், ரொம்ப நேரம் கொதித்த டீ என்று எல்லாவற்றிலும் இருப்பது இதே வகைப் பொருள்தான்.

நம் எச்சிலில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. டேனின் அந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பு போய், வாய் சொரசொரவென்று காய்கிறது. அதே டேனினுக்கு வேறு புரதமும் கொழுப்பும் கிடைத்தால்? கடுந்தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதுதான் நடக்கும். ரெட் ஒயினுக்கு ஆட்டுக்கறி ஜோடி என்று சொல்வதன் அறிவியல் இவ்வளவுதான்.

நம்ம சாப்பாட்டோடு எது சேரும்?

ஸ்பெயினில் ஒயினைத் தனியாகக் குடிப்பதைவிட, சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் 'தாபாஸ்' தின்பண்டங்களோடு குடிப்பதுதான் பழக்கம். ரியோஹாவின் தலைநகர் லோக்ரோன்யோவில் உள்ள லௌரெல் தெரு இதற்கே பேர்போனது. அங்கே கறி உண்டு, காளான் உண்டு, உருளைக்கிழங்கு உண்டு. ஆனால், நம்ம அளவுக்குக் காரமும் புளியும் கிடையாது. அதனால் அவர்கள் ஜோடியை அப்படியே காப்பி அடித்தால் வேலைக்கு ஆகாது. மூன்று விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

விதி 1: காரம் கூடினால் துவர்ப்பும் ஆல்கஹாலும் குறைய வேண்டும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். துவர்ப்பு அதை முரடாக்கும். காரமான கறிக்குக் கிரான் ரிசர்வா வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

விதி 2: தட்டில் இருக்கும் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைவாக இருந்தால், ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும். புளிக்குழம்பு, ரசம், மீன் குழம்பு எல்லாம் இந்த லிஸ்ட்டில் வரும்.

விதி 3: உப்பும் கொழுப்பும் ஒயினுக்கு நண்பர்கள். இனிப்பு எதிரி.

இதை வைத்து நம்ம மெனுவைப் பார்ப்போம்.

• மட்டன் சுக்கா: மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிச் செய்தால் கிரியான்சாவோடு அட்டகாசம். பீப்பாயில் இருந்து வந்த கிராம்பு வாசனையும் மிளகும் கைகோத்துக்கொள்ளும்.

• நல்லி எலும்பு, ஆட்டுக்கால் பாயா: மஜ்ஜையின் கொழுப்புக்குத் துவர்ப்பு நன்றாக ஈடுகொடுக்கும். ரிசர்வா எடுக்கலாம்.

• பரோட்டா, சால்னா: இங்கே காரமும் எண்ணெயும் சமபலம். ஹோவன் அல்லது கார்னாச்சாவை நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம்.

• கறி தோசை: முட்டையும் கொத்துக்கறியும் இருப்பதால் கிரியான்சா வரை தாங்கும். பக்கத்தில் காரச் சட்னி இருந்தால் ஹோவனுக்கு இறங்கிவிடுங்கள்.

• காளான் மிளகு வறுவல்: சைவத்தில் முதல் சாய்ஸ். காளானின் மண்வாசனை பழைய டெம்ப்ரானில்லோவுக்கு இயல்பான ஜோடி.

• எண்ணெய்க் கத்தரிக்காய்: புளி குறைவாகப் போட்டால் மட்டும்.

• வறுத்த நிலக்கடலை, முந்திரி: எதுவும் சமைக்க முடியாத நாளில் இது போதும். தோலோடு இருக்கும் கடலைக்கே ஒரு துவர்ப்பு உண்டு. உப்புப் போட்டு வறுத்தால் ஒயினின் முரட்டுத்தனம் அடங்கும்.

எதோடு சேரவே சேராது?

நெத்திலி, அயிரை மீன் குழம்பு வைத்த நாளில் ரெட் ஒயினைத் திறக்காதீர்கள். மீனின் எண்ணெயும் சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்புச் சத்தும் சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சி நிற்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். ஊறுகாய், ரசம் இரண்டும் விதி 2-ல் அவுட். அதிரசம், அல்வா மாதிரி இனிப்போடு குடித்தால் ஒயின் வெறும் புளிப்புத் தண்ணீராகத் தெரியும்.

'ஒயின் லைட்டுதானே?' - கொஞ்சம் கணக்குப் போடுவோம்

750 மில்லி பாட்டிலில் 14 சதவீதம் ஆல்கஹால் என்றால், உள்ளே இருப்பது 105 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கியின் 60 மில்லி லார்ஜில் இருப்பது சுமார் 26 மில்லி. அதாவது ஒரு பாட்டில் ஒயின், நாலு லார்ஜுக்குச் சமம். 'பழச்சாறு மாதிரிதான்' என்று நினைத்து இரண்டு பேர் ஒரு பாட்டிலை முடித்தால், ஆளுக்கு இரண்டு லார்ஜ் அடித்த கணக்கு. பைக் சாவியைத் தொடாதீர்கள்.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற வாட்ஸ்அப் வசனமும் இங்கே எடுபடாது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்கும் பழக்கம் இல்லாதவர் உடல்நலத்துக்காக இதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா பல ஆண்டுகளாக 150 சதவீத சுங்க வரி வசூலித்து வந்திருக்கிறது. அதன் மேல் மாநில வரிகள். அதனால் ஸ்பெயினில் சாதாரண மேஜை ஒயினாக இருப்பது இங்கே பந்தா பாட்டிலாகிவிடுகிறது. விலையை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஹோவனும் ஒரு கிரியான்சாவும் வாங்கி, ஆளுக்குக் கொஞ்சமாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கையைக் கடிக்காத வழி. மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். இரண்டு, மூன்று நாள் தாங்கும்.

சரி, நம்ம திராட்சைக்கு என்ன?

புவிசார் குறியீடு கிடைத்தபோது வெளியான தகவல்படி, கம்பம் பள்ளத்தாக்கின் பத்து கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் பன்னீர் திராட்சை விளைகிறது. சீக்கிரம் அழுகும் பழம் இது. வரத்து கூடினால் விலை சரியும். வியாபாரி வரும் வரை கொடியிலேயே பழத்தை விட்டுவைக்கவும் முடியாது. பறித்த பழத்தைப் பல மாதம் தாங்கும் பொருளாக மாற்ற முடிந்தால் மட்டுமே விவசாயி பேரம் பேசும் இடத்துக்கு வருவார். ஒயின் அதற்கான வழிகளில் ஒன்று. ஜூஸ், ஜாம், உலர் திராட்சை எல்லாம் மற்ற வழிகள். ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பது இந்தப் பகுதிக்குப் பெரிய பலம்.

ஒயின் என்று வந்தால், ஸ்பெயினைப் பின்பற்றி அடர் சிவப்பு ஒயின் செய்ய முயல்வது பன்னீர் திராட்சைக்குச் செய்யும் அநியாயம். அதன் பலம் நிறமோ துவர்ப்போ கிடையாது. மணம்தான். இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஊர் ஒன்று உண்டு. சீனாவின் தியான்ஜினில் இதே மஸ்கட் ஹாம்பர்க் விளைகிறது. அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு 'ரோஜா மணம்' என்று அர்த்தம். நாம் வைத்த 'பன்னீர்' போலவே! 1980-ல் பிரான்ஸின் ரெமி மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே தொடங்கப்பட்ட 'டைனஸ்டி' ஆலை, இந்தக் கறுப்புத் திராட்சையில் இருந்து தோலை நீக்கிவிட்டு வெள்ளை ஒயின் தயாரித்துத்தான் பெயர் வாங்கியது.

இன்னொரு பாடம் நாசிக்கில் இருக்கிறது. அங்கே மண்ணும் மலையும் மட்டும் ஒயின் தொழிலை உருவாக்கவில்லை. மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007-ல் அதே வழியில் போய், ஒயினுக்கென ஒரு வாரியமே அமைத்தது. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டில் இருந்து மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரித்து விற்பது சட்டப்படி குற்றம். இந்தச் சட்டகத்துக்குள் சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைக்கோ, தோட்டத்திலேயே ருசித்துப் பார்த்து வாங்கும் சுற்றுலாவுக்கோ இடம் எப்படி உருவாக்குவது என்பதுதான் கேள்வி. மது விற்பனையே கூடாது என்ற குரல் வலுவாக ஒலிக்கும் மாநிலத்தில், குடியால் சிதைந்த குடும்பங்களை ஊருக்கு ஊர் பார்க்கும் மாநிலத்தில், இதற்கு எளிதான பதில் கிடையாது.

எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு விஷயம் செய்யலாம். அடுத்த முறை குச்சனூருக்கோ சுருளிக்கோ போகும்போது, ரோட்டோரக் கடையில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலைத் தனியாக மென்று பாருங்கள். லேசாகத் துவர்க்கும், மூக்கில் ரோஜா வரும். மேலே சொன்ன நாலு ஸ்டெப்பும் அந்த ஒரு பழத்துக்கும் பொருந்தும். அதற்கு 21 வயதும் ஆக வேண்டியதில்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)